தண்ணீர் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒவ்வொரு நாளும் இரண்டாகப் பிளந்து கிடக்கும். காலையில் பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டால் எட்டே முக்காலுக்கு வேலை முடிந்தது. மறுபடி இரண்டரைக்குத்தான் சாவியைத் தொட வேண்டும். நடுவில் கிடக்கிற நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் தூங்குவார்கள், அரட்டை அடிப்பார்கள், இன்னொரு வேலைக்கு ஓடுவார்கள். தெருவில் எல்லோரும் பஸ்காரம்மா என்று கூப்பிடுகிற அந்தப் பெண் மட்டும் பஸ்ஸின் கடைசி சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, போனில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டரில் அசைகிற படம் செய்கிற பாடம். ஒரு பெட்டி வடிவத்தை எடுத்து இழுத்து, நீட்டி, வளைத்து நாற்காலி ஆக்குவது எப்படி, அதன் மேல் வெயில் விழ வைப்பது எப்படி, தண்ணீரைத் தண்ணீராகக் காட்டுவது எப்படி. எல்லாம் இலவசப் பாடம், மென்பொருளும் இலவசம். கம்ப்யூட்டர்தான் இல்லை. எட்டு மாதமாக, தண்ணீரில் இறங்காமலே கரையில் உட்கார்ந்து கைகால் வீசிப் பழகுகிறவள் மாதிரி, அவள் காற்றில் விரலை நகர்த்தி நகர்த்திப் பழகிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த இன்னொரு ஓட்டுநர், "என்னம்மா, கொசு விரட்டறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நாற்பத்தைந்து வயதில் இந்த வேலை எதற்கு என்றால், ஒரு கனவுக்காக. தூங்கும்போது வருகிற கனவேதான்.

இருபத்தைந்து வயதிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. மாதம் ஒரு முறை, சில மாதம் இரண்டு முறை. ஒரு வீடு. அவள் என்றைக்கும் குடியிருந்த வீடு இல்லை. வீடு முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர், கண்ணாடி மாதிரி. நடந்தால் கால் நனையாது. நடுக்கூடத்திலிருந்து ஒரு படிக்கட்டு கீழே இறங்கும். இறங்க இறங்க இருட்ட வேண்டியது, அதற்குப் பதிலாக வெளுத்துக்கொண்டே போகும். விரல் நீள மீன்கள் ஒவ்வொரு படியாக ஏறி வரும், அவளைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கி வழிவிடும். அடியில் ஒரு நீளமான அறை. அங்கே கொடிகொடியாகத் துணி காயப் போட்டிருக்கும், தண்ணீருக்குள்ளேயே. வெள்ளை விரிப்புகள், சட்டைகள், குழந்தைத் துணிகள், எல்லாம் அவசரமே இல்லாமல் அசைந்துகொண்டிருக்கும். ஒரு விரிப்பைத் தொட்டுப் பார்ப்பாள். மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். வெயில் வாசனை அடிக்கும்.

இதை யாரிடமாவது சொன்னால், சொல்லச் சொல்லக் கனவு சுருங்கிப் போயிற்று. அக்காவிடம் போனில் சொன்னாள். "குழாயை மூடாமப் படுத்திருப்ப, சத்தம் காதுல விழுந்திருக்கும்" என்று அக்கா முடித்துவிட்டாள். புருஷனிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை. விடிந்ததும், அவர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லுவாள். அவர் "ம்" என்பார். கிணற்றில் போட்ட கல் மாதிரி, அவ்வளவுதான். பிறகு சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

அவர் வேலை பார்த்தது பல்செட் செய்கிற கூடத்தில். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் மூன்றாம் மாடியில் குனிந்து உட்கார்ந்து பல் செய்து கொடுப்பார். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவருடைய கைவேலை, ஆனால் அவர் சிரித்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. வாய் திறந்து பேசுவதும் குறைவு. நாள் முழுக்க வாய்களையே பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருக்கும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

எப்படியாவது அவரை அந்தப் படிக்கட்டில் இறக்கிக் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. வாயால் சொன்னால்தானே சுருங்குகிறது, கண்ணால் பார்த்தால்? சனிக்கிழமைகளில் வெளியூர்ப் பயணத்துக்கு பஸ் ஓட்டிக் கிடைத்த உபரிப் பணம் ஒரு டப்பாவில் சேர்ந்திருந்தது. படம் செய்கிற கம்ப்யூட்டரைப் புதிதாக வாங்க அது மூன்றில் ஒரு பங்குக்குக்கூடக் காணாது. பாகம் பாகமாக, பழசாக வாங்கித் தானே பூட்டினால் ஒருவேளை முடியலாம்.

அவரிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. கனவைப் படம் பிடிக்கப் பணம் செலவழிக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? "வீட்டுல இருந்தே டைப் அடிக்கற வேலை வருதாம். அதுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும். நானே பூட்டிடுவேன், செலவு கம்மி" என்றாள்.

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். "ம்" என்றார்.

முதலில் வந்தது வெளிப்பெட்டி. பள்ளிக்கூட அலுவலகத்தில் பழைய சாமான்களைக் கழித்துக்கட்டியபோது மூலையில் ஒரு காலிப் பெட்டி கிடந்தது, பழுப்பேறி, ஒரு பக்கத் தகடு நசுங்கி. குமாஸ்தாவிடம் கேட்டாள். "குப்பை வண்டிக்குப் போறதும்மா, தாராளமா எடுத்துக்கோ" என்றார். அன்று மாலை அந்தப் பெட்டி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர் முழுக்கச் சுற்றியது. "உள்ள என்ன இருக்கு?" என்று முதல் வரிசைப் பிள்ளைகள் கேட்டார்கள். "இன்னும் ஒண்ணும் இல்ல" என்றாள். அந்தப் பதில் அவளுக்கே பிடித்திருந்தது.

மற்ற பாகங்களுக்கு ரயில் நிலையத்துக்கு அடியில் இருக்கிற சுரங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். பகல் பதினொரு மணி. படி இறங்கினால் மேலே தெருச்சத்தம் பின்தங்கிவிடும். இரண்டு பக்கமும் அலமாரி அகலக் கடைகள், ஒவ்வொன்றிலும் வெட்டவெளிச்சமாக ஒரு குழல்விளக்கு, அதன் கீழே பச்சைப் பலகைகளும் வண்ணக் கம்பிகளும் குவிந்து கிடந்தன. எங்கோ ஒரு விசிறி விடாமல் முனகிக்கொண்டிருந்தது. கடைசிக் கடையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தார்.

அவள் பட்டியல் எழுதிய தாளை நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி நிதானமாகப் படித்தார்.

"இதையெல்லாம் புதுசா வாங்கணும்னா நீ பஸ்ஸ வித்தாத்தான் முடியும்" என்றார், அவள் சட்டையில் இருந்த ஓட்டுநர் பட்டையைப் பார்த்துவிட்டு.

"பஸ் என்னோடது இல்லையேண்ணே."

"அப்ப சரி. பழசுல பார்ப்போம். உட்காரு."

முக்கால் மணி நேரம் அவர் பெட்டிகளைக் குடைந்தார். மூடிப்போன ஏதோ அலுவலகத்திலிருந்து வந்த, எல்லாப் பாகத்தையும் பூட்டுகிற தாய்ப்பலகை ஒன்று கிடைத்தது. மெமரித் துண்டு இரண்டு. படங்களைக் கணக்கிடுகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்று, மூன்று கை மாறியது, விசிறி தேய்ந்து கடகடத்தது. கரண்டை மாற்றிக் கொடுக்கிற பவர் சப்ளையை மட்டும் புதிதாகவே வாங்கச் சொன்னார். "அதுல மிச்சம் பிடிச்சா மத்த எல்லாத்தையும் சேர்த்துக் கொளுத்திடும்." எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகு, மூளையாக இருக்க வேண்டிய பிராசசருக்குக் கையில் இருந்த பணம் போதவில்லை. அவள் டப்பாவை இரண்டு முறை திறந்து பார்த்தாள். பார்த்தால் கூடிவிடுமா?

கடைக்காரர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மேஜை இழுப்பறையின் பின்மூலையிலிருந்து ஒரு சிறிய பொட்டலத்தை எடுத்தார். பிஸ்கட் அளவில் ஒரு சதுரம். திருப்பினால் அடியில் தங்க நிறத்தில் மயிரிழை மயிரிழையாக ஊசிக்கால்கள், பயிர் நட்ட மாதிரி. ஒரு மூலையில் மட்டும் யாரோ மிதித்துவிட்டுப் போன மாதிரி சாய்ந்திருந்தன.

"கீழ விழுந்தது. பதினாலு கால் மடங்கியிருக்கு. நல்லா இருந்தா இது உன் கைக்கு எட்டாது. நிமித்தத் தெரிஞ்சா எடுத்துக்க. ஒடிஞ்சுதுன்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"மொத்தம் எத்தனை கால்ணே?"

"ஆயிரத்து முந்நூத்துச் சொச்சம். அதுல பதினாலு எம்மாத்திரம்?"

"வாயில ஒரு பல்லு ஆடினாலே சாப்பாடு இறங்க மாட்டேங்குதேண்ணே."

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக இன்னும் கொஞ்சம் விலை குறைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அந்தச் சதுரத்தை ஜன்னலோர மேஜையில், வெள்ளைத் துணியின் மேல், தலைகீழாக வைத்துவிட்டுச் சும்மா இருந்தாள். வாய்விட்டு உதவி கேட்கவில்லை. பொய் சொல்லி ஆரம்பித்த காரியத்துக்குப் புருஷனையே கூப்பிட மனசு வரவில்லை. செய்தித்தாளோடு அந்தப் பக்கம் வந்தவர் நின்றார். குனிந்தார்.

"இது என்ன, இவ்வளவு பல்லு?"

"கால்ங்க. அந்த மூலையில பதினாலு மடங்கிக் கிடக்கு. நிமித்தினாத்தான் வேலை செய்யும்."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். உள்ளே போய், வீட்டில் வைத்திருக்கிற தோல் பையைக் கொண்டுவந்தார். நெற்றியில் மாட்டுகிற பூதக்கண்ணாடி, மெழுகு செதுக்குகிற மெல்லிய கம்பிகள், பஞ்சு. மேஜையை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டார். அப்புறம் அந்த அறையில் பேச்சே இல்லை. வெயில் ஜன்னல் கம்பியின் நிழலைத் தரையில் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் மூச்சை இழுத்து நிறுத்தி, ஒரு காலை நெம்பி, மூச்சை விடுவார். அவள் எதிரில் உட்கார்ந்து, தன்னையறியாமல் அவரோடு சேர்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவர் வேலை செய்து அவள் பார்த்ததேயில்லை. அந்தப் பெரிய விரல்கள் இவ்வளவு மெதுவாக நகரும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது. பதின்மூன்று கால்கள் எழுந்து நின்றன. பதினாலாவது ஒடிந்தது.

சத்தம்கூடக் கேட்கவில்லை. துணியின் மேல் ஒரு பொன்துகள் கிடந்தது, அவ்வளவுதான். அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன.

"வேர்லயே விரிசல் இருந்திருக்கு" என்றார் கடைசியில். "நான் வேற ஒண்ணு வாங்கித் தந்துடறேன்."

"எதுக்கு? ஒரு பல்லு போனா யாரும் சாப்பிடாம இருக்காங்களா? போட்டுப் பார்ப்போம்."

அவர் அந்தத் துகளைக் கம்பி நுனியில் எடுத்து, ஒரு தாளில் மடித்து, தன் பையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலைச் சுற்று முடிந்ததும் பஸ்ஸில் உட்காராமல் நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள். பழுப்புப் பெட்டியைக் கழுவித் துடைத்து, நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தி வைத்திருந்தாள். தாய்ப்பலகையை உள்ளே இறக்கித் திருகினாள். சதுரம் அதன் இடத்தில் வலிக்காமல் உட்கார்ந்தது. மேலே சூட்டைக் கடத்தப் பருப்பளவு பசை, அதன் மேல் விசிறி. கிராபிக்ஸ் கார்டின் கடகட விசிறியைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்டிக்கென்று வைத்திருந்த இரண்டு பெரிய விசிறிகளை பிளாஸ்டிக் பட்டையால் அதன் மேல் இறுக்கிக் கட்டினாள். பார்க்க மூட்டுவலிக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது. திரைக்குப் பழைய டிவி. எல்லாம் பூட்டி முடித்துப் பொத்தானை அமுக்கினாள்.

விசிறிகள் சுழன்றன. சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே நின்றது.

கழற்றினாள், பூட்டினாள். மறுபடி கறுப்பு. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் பெட்டி பக்கமே திரும்பாமல், கை கழுவிவிட்டு அறைக்குள் போய்விடுவார். தான் ஒடித்ததால்தான் என்று நினைத்துக்கொள்கிறார் என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அது அவளுக்குக் கறுப்புத் திரையைவிடக் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை போனில் தேடித்தேடி, அந்தச் சதுரத்தின் எந்தக் கால் எங்கே போகிறது என்கிற வரைபடத்தைக் கண்டுபிடித்தாள். ஊர் வரைபடம் மாதிரிதான். பஸ் ஓட்டுகிறவளுக்கு வழி பார்க்கத் தெரியாதா? மூலையிலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள். ஒடிந்த கால், பலகையிலுள்ள நான்கு மெமரிப் பள்ளங்களில் ஒரு ஜோடிக்குப் போகிற பாதை. அந்தப் பாலம் இடிந்துவிட்டது. சரி, இன்னொரு ஜோடி இருக்கிறதே. சுற்றுப்பாதையில் போனால் கொஞ்சம் தாமதமாகும், ஊர் போய்ச் சேராமல் இருக்காது. இரண்டு மெமரித் துண்டுகளையும் பிடுங்கி, அடுத்த ஜோடிப் பள்ளங்களில் செருகிப் பொத்தானை அமுக்கினாள்.

டிவித் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக இறங்கின.

அவர் வேலை நேரத்தில் போனை எடுப்பதில்லை. அன்றைக்கு இரண்டாவது மணியில் எடுத்தார்.

"என்ன?"

"எழுந்திருச்சிடுச்சுங்க."

"யாரு?"

"கம்ப்யூட்டர்."

பின்னால் பல்செட்டைத் தேய்த்து மெருகேற்றுகிற இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"ஒரு கால் இல்லாமயா?"

"ஒரு கால் இல்லாமதான்."

"சரி" என்று வைத்துவிட்டார். பிறகு அவருடன் வேலை பார்க்கிறவர் சொல்லித்தான் தெரிந்தது, அன்றைக்குக் கூடத்தில் இருந்த ஏழு பேருக்கும் அவர் கைக்காசில் தேநீர் வாங்கிக் கொடுத்தாராம். காரணம் சொல்லவில்லையாம்.

அதன் பிறகு நான்கு மாதம் அவள் இரண்டு வீடுகளில் குடியிருந்தாள். காலைச் சுற்று முடிந்ததும் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தண்ணீர் வீட்டைக் கட்ட உட்காருவாள். சுவர், கூடம், படிக்கட்டு. முதலில் எதுவும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மீன்கள் பூசணிக்காய் மாதிரி உப்பின. கொடியில் தொங்கவிட்ட விரிப்பு கொடியை விட்டுக் கழன்று, சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே பறந்துபோயிற்று. தண்ணீர் மட்டும் என்ன செய்தாலும் எண்ணெய் மாதிரியே பிசுபிசுத்தது.

அதனால் பஸ் ஓட்டும்போதும் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிக்னலில் நிற்கையில் எதிர் மாடியில் காய்கிற விரிப்பு காற்றுக்கு எப்படி வயிறு தள்ளுகிறது, எந்த இடத்தில் முதல் மடிப்பு விழுகிறது. மழை நின்ற சாலையில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு எவ்வளவு தூரம் நீண்டு உடைகிறது. பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில் வழியாக வெயில் புகுந்து பஸ்ஸின் கூரையில் ஒரு வெளிச்சப் புழு நெளிந்துகொண்டிருக்கும். அதைக் கண்ணாடியில் பார்த்ததும், இதைத்தான் இத்தனை நாளாகத் தேடினோம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் சில்லென்றது. பின்னால் வந்த வண்டிக்காரர் ஒலி எழுப்பிய பிறகுதான் சிக்னல் பச்சையானதே தெரிந்தது.

"டைப் வேலை வந்துச்சா?" என்று அவர் இடையில் ஒரு நாள் கேட்டார்.

"வரும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இருபது நொடிப் படம் தயாராயிற்று. தயார் என்றால், கம்ப்யூட்டர் அதை வரைந்து முடிக்க வேண்டும். ஒரு நொடிக்கு இருபத்து நாலு படம், ஒரு படத்துக்கு நாலு நிமிஷம். மெமரி சுற்றுவழியில் போவதால் அதற்கு மேல் வேகம் கிடையாது. வியாழக்கிழமை காலையில் ஓடவிட்டுக் கிளம்பினாள். திரையில் ஒவ்வொரு படமும் சதுரம் சதுரமாக, மங்கலிலிருந்து தெளிவுக்கு வந்துகொண்டிருந்தது. கட்டுப்போட்ட விசிறிகள் மூச்சு வாங்கின. மின்சாரம் போகாமல் இருக்க வேண்டுமே என்று இரண்டு நாளும் வேண்டிக்கொண்டே பஸ் ஓட்டினாள். போகவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவருக்கு அரை நாள் வேலைதான். சாப்பிட்டு முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தவரை அறைக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

"ஒண்ணு சொல்லணும். டைப் அடிக்கற வேலைன்னு சொன்னது பொய்."

"தெரியும்."

"எப்படி?"

"டைப் அடிக்கறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய ஃபேன்? எங்க ஆபீஸ்ல டைப் அடிக்கற பொண்ணுகிட்டயே கேட்டேன். அவளோட மெஷின் சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கு."

"அப்ப ஏன் கேட்கல?"

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

அவள் படத்தை ஓடவிட்டாள்.

கூடம். தண்ணீர். படிக்கட்டு இறங்கி வெளுக்கிறது, மீன்கள் ஒதுங்குகின்றன, நீளமான அறை, துணிகள். ஒரு விரிப்பு அருகில் வருகிறது, முடிந்துவிட்டது. இருபது நொடி என்பது எவ்வளவு கொஞ்சம். அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"இன்னொரு தடவை போடு."

போட்டாள். மூன்றாம் தடவையும் கேட்டார். அதுவும் ஓடி முடிந்த பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"கைப்பிடி எங்க?"

"என்ன கைப்பிடி?"

"படிக்கட்டுக்கு. இடது பக்கம் ஒரு கைப்பிடி இருக்கும்னு சொல்லுவியே. பச்சை பெயின்ட் அடிச்சது. தொட்டா வெதுவெதுன்னு இருக்கும், இப்பத்தான் யாரோ பிடிச்சுட்டுப் போன மாதிரின்னு."

அது அவளுக்கே மறந்துபோயிருந்தது. அவர் சொன்ன மாத்திரத்தில் உள்ளங்கையில் அந்தச் சூடு வந்தது.

"நான் எப்ப சொன்னேன்?"

"ரயில் பாதைப் பக்கத்துல குடியிருந்தோமே, அங்க இருந்தப்ப. மூணு தடவை சொல்லியிருக்க. அப்புறம் சொல்றதில்ல." கொஞ்சம் யோசித்தார். "கடைசி விரிப்புல ஒரு ஓரம் மடங்கியிருக்கும். நீ அதை நீவி விடுவ. நீவின பிறகுதான் முழிப்பு வரும். சில நாள் நீவறதுக்கு முன்னாடியே முழிச்சுடுவ. அன்னைக்கெல்லாம் நீ கொஞ்சம் கடுகடுன்னுதான் இருப்ப."

"நீங்க 'ம்'னுதானே சொல்லுவீங்க. காதுலயே வாங்கலன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

"நடுவுல நான் பேசினா உனக்குக் கலைஞ்சுடுமேன்னுதான்."

அவள் திரும்பிப்போய், ஒழுங்காகவே இருந்த திரைச்சீலையை இன்னொரு தடவை சரி செய்தாள். இருபது வருஷக் காலைகள், சட்டைப் பொத்தான்கள், சாப்பாட்டு டப்பாக்கள் எல்லாம் தலைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. ஒவ்வொன்றிலும் அவர் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"பச்சைன்னா எந்தப் பச்சை?"

"அது நீதான் சொல்லணும். நான் என்ன கண்டேன்? ஆனா அந்த விரிப்பு வெள்ளை இல்ல."

"வெள்ளைதாங்க."

"ரொம்ப வெள்ளை. பல்லு இவ்வளவு வெள்ளையா இருந்தா பார்த்தவுடனே பொய்ப்பல்லுன்னு சொல்லிடுவாங்க. கொஞ்சம் மஞ்சள் போடு. ஓரத்துல சாம்பல் ஒரு துளி."

போட்டாள். விரிப்பு அந்த நொடியே துணியாயிற்று. வெயில் வாசனைகூட அடித்த மாதிரி இருந்தது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த அறையில்தான் கழிந்தன. நிறம் அவர் பொறுப்பு. கைப்பிடிக்குப் பதினேழு பச்சை கலந்து பார்த்தார்கள். கட்டுப்போட்ட விசிறிகளின் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குச் சரியாகக் கேட்காது, அதனால் இருவரும் கொஞ்சம் சத்தமாகவே பேசப் பழகிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, ரெண்டு பேரும் வாராவாரம் சண்டை போடறீங்களா?" என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனாள்.

நீளமான அறையின் கோடியில் ஒரு கதவு இருந்தது. துணிகளுக்குப் பின்னால், மூடியே இருக்கும். அவள் அதைச் சும்மா சுவரோடு சுவராகச் செய்து வைத்திருந்தாள்.

"அதுக்குப் பின்னாடி என்ன?" என்று கேட்டார்.

"தெரியாது. அதுவரைக்கும் நான் போனதே இல்ல."

"அப்ப நாம என்ன வேணாலும் வைக்கலாம்ல?"

"வைக்கலாம். என்ன வேணும் உங்களுக்கு?"

அவர் உடனே சொல்லவில்லை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். வேலைக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார், ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு சவரம் செய்துகொண்டிருந்தவர், முகத்தில் பாதி நுரையோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"மழை."

"என்னது?"

"கதவைத் திறந்தா வெளியே மழை பெய்யட்டும். நல்லா, சாய்ஞ்சு. உள்ள நனையாம இருக்கோம்னு அப்பத்தானே தெரியும்."

அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. மழையைச் செய்ய ஆறு வாரம் ஆயிற்று. பஸ்ஸின் முன்கண்ணாடியில் விழுகிற ஒவ்வொரு மழைக்கும் அவள் துடைப்பானைப் போடக் கொஞ்சம் தயங்கினாள், எப்படி வழிகிறது என்று பார்ப்பதற்காக. கதவு திறப்பது, மழை தெரிவது எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷப் படம். மழையோடு சேர்ந்தால் ஒரு படத்துக்கு ஒன்பது நிமிஷம் பிடிக்கும் என்று கம்ப்யூட்டர் சொன்னது. அவள் விரல்விட்டுக் கூட்டினாள்.

"ஒன்பது நாள் ஆகும்ங்க. ராத்திரி பகலா ஓடணும். கரண்ட் பில்லு வேற எகிறும்."

"ஆகட்டும்" என்றார்.

ஒன்பது நாளும் அது ஓடியது. அவள் பழையபடி பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள், பகலில் வீட்டுக்கு வந்து பெட்டியின் பக்கத்தகட்டைத் தொட்டுச் சூடு பார்த்தாள், ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தாள். வேலை நேரத்தில் போனைத் தொடாத மனிதர் தினமும் பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட ஆரம்பித்தார். ஏழாம் நாளும் கூப்பிட்டார். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது, யாரோ சிரித்தார்கள்.

"இப்ப எங்க நிக்குது?"

"கதவுகிட்ட வந்துடுச்சு."

"திறந்துடுச்சா?"

அவள் திரையைப் பார்த்தாள். சதுரம் சதுரமாக, மங்கலுக்குள்ளிருந்து ஒரு கதவின் விளிம்பு தெளிந்துகொண்டிருந்தது.

"இன்னும் இல்ல. நீங்க வர்றதுக்குள்ள திறந்துடும்."